இடது கையில் முட்டை, வலது கையில் ரைபிள்!

1930, ஏப்ரல் 11. குமாவோன் மலைப்பகுதி. வறண்டு கிடக்கும் ஓடைப் பள்ளம் ஒன்றில் ஜிம் கார்பெட் இறங்கிக்கொண்டிருக்கிறார். கூடவே உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர். கார்பெட்டின் இடது உள்ளங்கையில், கொஞ்சம் பாசி சுற்றி, இரண்டு முட்டைகள். பக்கி என்கிற பறவையின் முட்டைகள். பறவை முட்டைகளைச் சேகரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போகிற வழியில் இது என்ன விளையாட்டு என்கிறீர்களா? அந்த மனிதர் அப்படித்தான்!

சௌகர் பெண் புலி என்று அதற்குப் பெயர். அரசுக் கணக்குப்படி 64 பேரைக் கொன்றிருந்தது. கார்பெட் ஒரு பெரிய பலகைப் பாறையை ஒட்டினாற்போல் கடந்து, வலது தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். பாறைக்குப் பின்னால், எட்டே அடி தூரத்தில், புலி! முன்கால்களை நீட்டிப் படுத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

எட்டு அடி என்பது எவ்வளவு தெரியுமா? நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அறையின் எதிர்ச் சுவர் அதைவிடத் தள்ளித்தான் இருக்கும்.

ரைபிள் அவருடைய வலது கையில், மார்புக்குக் குறுக்கே சாய்வாக இருந்தது. குழலின் முனை நேர் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. அதைப் புலியின் பக்கம் கொண்டுவர முக்கால் வட்டம் சுற்றவேண்டும். அதுவும் ஒற்றைக் கையால். சட்டென்று அசைந்தால் புலி பாய்ந்துவிடும். ஆகவே கடிகார முள் போல மெதுவாக... மெதுவாக... கை மரத்துப்போகிறது. புலி கண்ணை எடுக்கவில்லை. ஒருவழியாகக் குழல் நேராக வந்ததும் டிரிக்கரை அழுத்துகிறார். புலி ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு அதன் தலை முன்கால்கள் மீது மெல்லச் சரிந்தது. அவ்வளவுதான்.

பின்னாளில் இந்தச் சம்பவத்தை எழுதும்போது, தனக்குப் பாதகம் என்று மற்றவர்கள் நினைக்கக்கூடிய மூன்று விஷயங்கள்தான் தன்னைக் காப்பாற்றின என்று கார்பெட் கணக்குப் போடுகிறார். முதலாவது, கையிலிருந்த முட்டைகள். அவை இல்லாவிட்டால் பதறிப்போய் வெடுக்கென்று திரும்பியிருப்பார், கதை முடிந்திருக்கும். மூன்றாவது, புலி ஆட்கொல்லியாக இருந்தது. மனிதனைக் கண்டு அது விலகி ஓடவில்லை.

இரண்டாவதாக அவர் சொன்ன விஷயத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். அன்று அவர் கையில் இருந்தது எடை குறைவான ரைபிள். அவரிடம் இன்னொன்றும் உண்டு. இரட்டைக் குழல், பெரிய தோட்டா, நல்ல கனம். அன்று அதை எடுத்துக்கொண்டு போயிருந்தால் ஒற்றைக் கையால் சுற்றியிருக்கவே முடியாது. எட்டு அடி தூரத்தில் ஒரு மனிதன் உயிரோடு திரும்புவானா, மாட்டானா என்பதை அன்றைக்கு ஓரிரண்டு கிலோ இரும்பு தீர்மானித்தது!

பெரிய மிருகத்தைச் சுட பெரிய துப்பாக்கிதானே வேண்டும்? சாதாரணமாக நாமெல்லாம் அப்படித்தான் யோசிப்போம். நூறு வருடங்களுக்கு முந்தைய வெள்ளைக்கார வேட்டைக்காரர்களும் அப்படித்தான் யோசித்தார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகளும் அதற்கு நன்றாகத் தீனி போட்டன. ‘.600 நைட்ரோ எக்ஸ்பிரஸ்’ என்று ஒன்று. அதன் தோட்டாவில் பறந்து போகிற உலோகக் குண்டின் எடை மட்டும் 58 கிராம். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் ஏழு சவரனுக்கு மேல்! துப்பாக்கியின் எடை ஏழு கிலோ. சுட்டால் முன்னால் இருக்கும் யானைக்கு என்ன ஆகுமோ, பின்னால் இருக்கிற தோள்பட்டைக்கு உத்தரவாதமாக ஏதாவது ஆகும்.

ஏழு கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நாள் முழுக்க எவன் நடப்பான்? துரை நடக்கமாட்டார். அதற்கென்று சம்பளத்துக்கு ஓர் ஆள் உண்டு. துரை கை நீட்டியதும் அவன் துப்பாக்கியைக் கொடுக்கவேண்டும். யானை காதை விரித்துக்கொண்டு ஓடி வரும்போது துரை கையை நீட்டினால்... அந்த ஆள் பக்கத்து மரத்தின் உச்சியில், துப்பாக்கியோடு இருப்பான்! அவனைக் குறை சொல்லவும் முடியாது. அவனுக்கும் பெண்டாட்டி, பிள்ளைகள் உண்டே.

இந்தச் சங்கடத்துக்கெல்லாம் ஒரே போடாக முடிவு கட்டியவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். வால்டர் டால்ரிம்பிள் மெய்ட்லண்ட் பெல். ‘கரமோஜோ’ பெல் என்றால்தான் வேட்டை உலகத்துக்குத் தெரியும். இன்றைய உகாண்டாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிற கரமோஜா பகுதியில் அலைந்து திரிந்ததால் வந்த பெயர்.

1880-ல் எடின்பரோ அருகே பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இல்லை. அண்ணன்மார்கள் வளர்த்தார்கள். பதின்மூன்று வயதில் கப்பலேறி ஓட்டம். 1897-ல், பதினேழு வயதில், கிழக்கு ஆப்பிரிக்காவில் போய் இறங்கினார். உகாண்டா ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்த சமயம். சிங்கங்களைச் சுடுகிற உத்தியோகம் கிடைத்தது. (அதே ரயில்பாதையில்தான் மறுவருடம் சாவோ சிங்கங்கள் இரண்டு, தொழிலாளர்களைத் தூக்கிக்கொண்டு போய் வேலையையே நிறுத்தின. நம் நாட்டிலிருந்து போன கூலிக்காரர்கள் பலர் அதில் இரையானார்கள். அது தனிக்கதை.)

அப்போது பெல் கையில் இருந்தது ஒரே ஒரு தோட்டா போடுகிற ரைபிள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால், ஆப்பிரிக்க வெயிலில் சூடேறியதும், சுட்ட தோட்டாவின் காலி உறை குழலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது! எதிரே சிங்கம். கையில் அடைத்துக்கொண்ட துப்பாக்கி. பதினேழு வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கும்? துப்பாக்கி எவ்வளவு பெரியது என்பது அப்புறம். முதலில் அது ஒவ்வொரு தடவையும் வெடிக்கவேண்டும், ஒவ்வொரு தடவையும் காலி உறையைத் துப்பவேண்டும்.

அங்கிருந்து க்ளாண்டைக் போய், தங்கம் தோண்டுபவர்களுக்கு மான் இறைச்சி சப்ளை, அங்கே கூட்டாளி கொடுத்த அல்வா, பிறகு கனடாப் படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம்... என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு 1902-ல் மறுபடி கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே வந்துசேர்ந்தார். இந்தமுறை யானைத் தந்தத்துக்காக. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பியானோ கட்டைகளுக்கும் பில்லியர்ட்ஸ் பந்துகளுக்கும் தந்தம் தேவைப்பட்ட காலம் அது.

எந்த ரைபிளை எடுப்பது? பெரிய துப்பாக்கிகளைப் பற்றி பெல்லுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவர் தேர்ந்தெடுத்தது, ஜெர்மன்காரர் மௌசர் உருவாக்கிய போல்ட்-ஆக்‌ஷன் ரைபிள். போயர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் குறி பார்த்துச் சுட்டார்களே, அதே வம்சத்து ரைபிள்! அந்த 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு லண்டன் ரிக்பி கம்பெனி 1907-ல் ‘.275 ரிக்பி’ என்று ஞானஸ்நானம் செய்துவைத்தது. ஜெர்மன் சரக்குக்கு இங்கிலீஷ் பெயர்.

போல்ட்-ஆக்‌ஷன் என்றால் ஏதோ பெரிய தொழில்நுட்பம் என்று பயந்துவிடாதீர்கள். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் தெரியுமல்லவா? அதேதான். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால், நகம் போன்ற ஒரு கொக்கி காலி உறையைக் கவ்வி வெளியே எறியும். முன்னால் தள்ளினால், அடியிலிருக்கும் அடுத்த தோட்டா உள்ளே போகும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. சுடலாம். உடைவதற்கோ, சிக்கிக்கொள்வதற்கோ பெரிதாக உள்ளே எதுவும் இல்லை. சேறும் புழுதியும் நிறைந்த போர்க்களத்துக்கென்று செய்த சாமான், காட்டுக்கும் பொருந்திப்போனது.

எடை மூன்றேகால் கிலோ. பெல் தன் ரைபிளைத் தானே சுமந்தார். யாரிடமும் கொடுக்கவில்லை. தூங்குகிற நேரம் தவிர கையிலேயே இருந்தது. நடந்து போகிறபோது, தோட்டா போடாமல், தூரத்து மரம், பாறை என்று எதையாவது குறி பார்த்து டிரிக்கரை அழுத்தி அழுத்திப் பழகுவார். வீணை வித்வான் சாதகம் பண்ணுகிற மாதிரி!

எடை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அவரே ஒரு கணக்கு வைத்திருந்தார். ஓர் ஆண் யானையைச் சுட சராசரியாக 73 மைல் நடக்கவேண்டியிருந்ததாம். அதாவது சுமார் 117 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திண்டிவனம் போகிற தூரம்! வருடத்துக்கு 24 ஜோடி பூட்ஸ் தேய்ந்துபோயிற்று. இந்த நடையின் கடைசியில், மூச்சு வாங்காமல், கை நடுங்காமல், ஒரு குறி பார்க்கவேண்டும். ஏழு கிலோவைச் சுமந்து வந்த தோளால் அது நடக்கிற காரியமா?

சரி, குண்டு? அதன் எடை 11 கிராம் சொச்சம். ஒன்றரை சவரன்கூடத் தேறாது! பருமன் ஒரு பென்சில் அளவு. ஐந்து டன் எடையுள்ள ஆப்பிரிக்க யானையை இதை வைத்து எப்படி...?

இங்கேதான் பெல்லின் மூளை வேலை செய்தது. இறந்த யானையின் மண்டை ஓட்டை ரம்பத்தால் நெடுக்காக அறுத்து உட்கார்ந்து பார்த்தார். அவ்வளவு பெரிய தலையில், மூளை என்னவோ நார் உரிக்காத பெரிய தேங்காய் அளவுதான். சுற்றிலும் இருப்பது தேன்கூடு மாதிரி காற்றறைகள் நிறைந்த எலும்பு. தடிமனானது, ஆனால் கருங்கல் போல கெட்டியானதல்ல. நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்கிற, முழுக்க உலோக உறை போட்ட, நசுங்காத குண்டு அதைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும். ஆணி மெல்லியதாக இருந்தால்தானே சுவரில் சுலபமாக இறங்கும்? எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மூளை எங்கே இருக்கும் என்று மனத்துக்குள்ளேயே வரைபடம் போட்டு வைத்துக்கொண்டார். (நிஜமாகவும் வரைந்தார். மனிதர் நல்ல ஓவியர்.) பின்பக்கச் சாய்வாக நின்று, கழுத்துத் தசை வழியாக மூளைக்குக் குண்டை அனுப்புகிற கடினமான குறிக்கு இன்றைக்கும் வேட்டைக்காரர்கள் மத்தியில் ‘பெல் ஷாட்’ என்றுதான் பெயர்.

இதில் இன்னொரு சமாசாரமும் உண்டு. பெரிய துப்பாக்கி கொடுக்கிற உதை. ஒருமுறை வாங்கியவனுக்கு, அடுத்தமுறை டிரிக்கரை அழுத்துவதற்கு முன்பே உடம்பு சுருங்கும், கண் மூடும், குறி தவறும். ஊசி குத்துவதற்கு முன்பே குழந்தை அலறுவதில்லையா, அந்த மாதிரிதான். சின்ன ரைபிளில் அந்த பயம் இல்லை. சத்தமும் குறைவு. மூளையில் குண்டு பாய்ந்த யானை சத்தமில்லாமல் சரிந்துவிடுவதால், கூட்டத்திலிருக்கிற மற்ற யானைகளுக்கு என்ன நடந்தது என்றே புரியாது. ஓடாமல் நிற்கும். பெல் தாழ்ப்பாளை இழுத்து அடுத்த தோட்டாவை...

எழுதுவதற்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. ஒரே நாளில் ஒன்பது யானைகள். அந்த ஒரு நாள் வருமானம் மட்டும் 877 பவுன் என்று சொல்கிறார்கள். மொத்தக் கணக்கு 1,011 யானைகள். அதில் சுமார் எண்ணூறு இந்தப் பென்சில் பருமன் குண்டுக்கு விழுந்தவை. எடை குறைந்த ரைபிளின் பெருமையைப் பேசுகிறபோது, அது யாருக்கு வசதியாக இருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் பார்க்கத்தானே வேண்டும்? திறமைசாலி கையில் கிடைத்த நல்ல கருவி, ஒரு பிரதேசத்து யானைகளை எண்ணி எண்ணிச் சாய்த்தது. காயம்பட்ட யானையை அலறவிட்டுப் போகிற கத்துக்குட்டிகளைவிட பெல் மேல் என்று அவருடைய ரசிகர்கள் வாதாடுவார்கள். வாதம் சரியாகவே இருக்கலாம். எனக்கென்னவோ அந்த 1,011 என்கிற எண்ணைத் தாண்டிப்போக முடியவில்லை.

பெல்லைப் பார்த்து மற்றவர்களும் சின்ன ரைபிளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் என்ன ஆகும்? ஆபத்துதான்! பெல்லுக்குக் கிடைத்தது, அதிகம் வேட்டையாடப்படாத, திறந்த வெளியில் நிதானமாக நிற்கிற யானைகள். அடர்ந்த புதருக்குள், பத்தடி தூரத்தில், கோபத்தோடு பாய்ந்து வருகிற யானையின் நெற்றியில் இந்தக் குண்டு இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டால், அது நிற்காது, வந்துகொண்டே இருக்கும். பெரிய குண்டு மூளையைத் தவறவிட்டாலும், அந்த இடியிலேயே யானையைத் தடுமாறவைத்து ஒரு நொடியாவது வாங்கித் தரும். இரட்டைக் குழல் என்றால் தாழ்ப்பாள் இழுக்காமலேயே இரண்டாவது குண்டும் தயார். பின்னாளில் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் யானை, காட்டெருமை போன்றவற்றுக்கு .375-க்குக் குறைவான ரைபிளைத் தொடவே கூடாது என்று சட்டம் போட்டது இதனால்தான். பெல் செய்ததை இன்று பெல்லே செய்தாலும் அங்கே குற்றம்!

எடையைக் குறைத்தால் குண்டைச் சின்னதாக்க வேண்டும். இல்லாவிட்டால் உதை தாங்காது. குண்டு சின்னதானால் குறி தப்பவே கூடாது. குறி தப்பாமலிருக்க வேண்டுமென்றால் கிட்டே போகவேண்டும். கிட்டே போனால்... தப்பிப்பதற்கு நேரம் கிடையாது. மூன்று கிலோ ரைபிள் வாங்குகிறவன், மிச்சப்படுத்திய எடையைத் தைரியமாகவும் பயிற்சியாகவும் திருப்பிக் கட்டியாக வேண்டும்.

கார்பெட் அதைக் கட்டியவர். அவருக்கு அந்த ரைபிள் எப்படிக் கிடைத்தது என்பது இன்னும் சுவாரசியம்.

1907. சம்பாவத் பெண் புலி. நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றது. கார்பெட் அப்போது கொண்டுபோனது பழைய, பெரிய .500 ரைபிள். தோட்டாக்கள் எத்தனை? மூன்றே மூன்று! இரண்டு தடவைக்கு மேல் சுட வாய்ப்பு கிடைக்காது என்று நினைத்துவிட்டார். மூன்றும் தீர்ந்தன. காயம்பட்ட புலி இன்னும் நிற்கிறது. மனிதர் ஓடிப்போய் தாசில்தாரின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். அதைப் பார்த்தால், குழலுக்கும் பின்பாகத்துக்கும் நடுவில் விரிசல். சுட்டால் புலி சாகிறதோ இல்லையோ, சுடுகிறவரின் கண் போய்விடலாம். துணிந்து சுட்டார். வாயைக் குறி பார்த்தார். பட்டது முன்காலில்! நல்லவேளை, முதலில் பட்ட குண்டுகளாலேயே புலி செத்து விழுந்தது.

இதற்காக ஐக்கிய மாகாணத்து லெப்டினென்ட் கவர்னர் ஹியூவெட் துரை பரிசாகக் கொடுத்ததுதான் அந்த .275 ரிக்பி. விவரம் பொறித்த வெள்ளித் தகடு பின்கட்டையில் பதித்திருக்கும். தாசில்தாருக்கும் ஒரு துப்பாக்கி கிடைத்தது. (அவருடைய பழைய துப்பாக்கியின் லட்சணம் கவர்னர் காதுக்கும் போயிருக்கும்போல!)

1926, மே மாதம். ருத்ரபிரயாக் சிறுத்தை. பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரைப் பாதையில் எட்டு வருடங்களாக இருட்டினால் யாரும் வாசலுக்கு வராதபடி செய்த மிருகம். அரசுக் கணக்கில் மட்டும் 125 உயிர்கள். மாமரத்தின் மேல் பத்து இரவுகள் வீணாகக் கழிந்து, பதினோராவது இரவில் கீழே கட்டியிருந்த ஆட்டின் மணி அசைந்தது. ரைபிளில் பொருத்தியிருந்த டார்ச்சை அழுத்தினார். ஒரு கணம் வெளிச்சம், அதில் சிறுத்தையின் தோள், டுமீல்! உடனே டார்ச் அணைந்துவிட்டது. விடியும்வரை, செத்ததா பிழைத்ததா என்று தெரியாமல் மரத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு குண்டும் இதே ரிக்பியிலிருந்து போனதுதான்.

கார்பெட் 1947-ல் இந்தியாவை விட்டு கென்யா போனார். பெல்லின் யானைகள் நடமாடிய பக்கத்து நாடு. துப்பாக்கியைவிடக் கேமராவைத்தான் அதிகம் தூக்கினார். பெல் 1954-லும் கார்பெட் 1955-லும் காலமானார்கள். இந்தியாவில் 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கென்யா 1977-ல் தடை போட்டது. கார்பெட்டின் ரிக்பி, அவருடைய புத்தகங்களைப் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தார் கைக்குப் போய், கடைசியில் அதைச் செய்த ரிக்பி கம்பெனிக்கே திரும்பியது. 2016-ல் அதை இந்தியாவுக்கு எடுத்துவந்து, கார்பெட் வாழ்ந்த சோட்டி ஹல்த்வானி கிராமத்து மக்களுக்குக் காட்டினார்கள்.

அது இருக்கட்டும், அந்த முட்டைகள் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லையே? உடையவில்லை. புலி சரிந்த பிறகு கார்பெட் அதனருகே போய்ப் பார்த்தார். நகங்கள் உடைந்து, ஒரு கோரைப்பல் முறிந்து, முன்பற்கள் தேய்ந்துபோன கிழட்டுப் புலி. காட்டு மிருகங்களைப் பிடிக்க முடியாமல்தான் மனிதனைத் தேடி வந்திருக்கிறது. பிறகு அவர் பள்ளத்தில் திரும்பி நடந்து, இரண்டு முட்டைகளையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்தபோது முட்டைகள் கண்ணில் படவில்லை. புள்ளி புள்ளியாகக் கிடந்த கற்களின் நிறத்திலேயே, தாய்ப்பறவை அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தது.